சொல்வதை எழுதுபவர்: பார்வையற்றோருக்குத் தேர்வு எழுதித் தருவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறருக்குப் பயனுள்ளதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. எத்தனையோ பணிகள் இருக்க, இதை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஆறு மாதங்களை இன்னும் மறக்கவில்லை. பழக்கத்தால் காலை எட்டரை மணிக்கெல்லாம் புடவை கட்டித் தயாராகிவிடுவேன். போவதற்கு இடம் இல்லை என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வரும். கோயில் இருந்தது, நடைப்பயிற்சி இருந்தது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பும் தவறாமல் வந்தது. ஆனால் நான் வரவில்லையென்றால் இன்னொருவருடைய காரியம் நின்றுபோகும் என்று சொல்லத்தக்க ஓர் இடம்கூட இல்லை. அந்த வெறுமையைப் போக்கிக்கொள்ள என்னென்னவோ வகுப்புகளில் சேர்ந்து பார்த்தேன்; எதிலும் மனம் ஒட்டவில்லை.

அந்த நாட்களில், எங்கள் தெருவில் குடியிருந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் வந்து, முதுகலை வரலாறு படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு அந்த வாரமே தேர்வு தொடங்குகிறது, எழுதித் தர ஆள் கிடைக்கவில்லை, வர முடியுமா என்று கேட்டார். போனேன். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எண்பதுக்கும் மேற்பட்ட தேர்வுகள் எழுதித் தந்திருக்கிறேன். நான் நன்கு அறிந்த பணி இதுதான் என்பதால் இதைப் பற்றி எழுதுகிறேன். வேறு வழிகள் சிறந்தவை அல்ல என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சொல்வதை எழுதுபவர் என்றால் யார்? அவர் என்ன செய்ய வேண்டும்?

பார்வையற்றவர், கைகளை இயக்க முடியாதவர், எழுதுவதில் கடும் சிரமம் உள்ளவர் ஆகியோர் தேர்வறையில் வாய்மொழியாகச் சொல்லும் விடையை விடைத்தாளில் எழுதித் தருபவரே சொல்வதை எழுதுபவர். அரசு ஆணைகளிலும் பள்ளிகளிலும் இந்தப் பெயர்தான் வழங்குகிறது. கல்லூரி மாணவர்களிடையே ஸ்கிரைப் என்றுதான் சொல்வார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அவர்களில் படிக்கும் வயதில் இருப்பவர்கள் ஒவ்வொரு பருவத் தேர்விலும், ஒவ்வொரு வேலைவாய்ப்புத் தேர்விலும் ஒரு கையை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் தேவையின் அளவு புரியும்.

எழுதுவது பாதி வேலைதான். வினாத்தாளை வாசித்துக் காட்டுவது மறுபாதி. கேள்வியை நிறுத்தி, தெளிவாக, சொல் விடாமல் வாசிக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் மீண்டும் வாசிக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா என்றால் நான்கையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். சரியான விடையருகே வரும்போது நம்மை அறியாமலே குரல் அழுத்தம் பெறும். கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. காதால் உலகை அறிபவர்களுக்கு அது கையில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுக்குச் சமம்.

என் படிப்பு இதற்குப் போதுமா?

இந்தக் கேள்விக்கான விடையே என்னை இந்தப் பணியின் பக்கம் முழுமையாகத் திருப்பியது என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தேர்வர் தாமே ஒருவரை அழைத்து வருவதாக இருந்தால், அவருடைய கல்வித் தகுதி தேர்வரின் தகுதியைவிட ஒரு படி குறைந்ததாக இருக்க வேண்டும் என்று கூறின. தேர்வு நடத்தும் அமைப்பே ஆளைத் தருவதாக இருந்தால், அந்தத் தேர்வுக்குரிய குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டாதவராகவும், அதே நேரம் பத்தாம் வகுப்பாவது தேறியவராகவும் அவர் இருக்க வேண்டும் என்றும் அவை கூறின. எழுதுபவர் தம் அறிவைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதாலும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறை மாறுவதாலும், ஒவ்வொரு முறையும் அந்தந்தத் தேர்வின் அறிவிப்பைப் படித்துவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கல்வித் துறையே ஆள் நியமிக்கும். நாம் தேடிப் போக வேண்டியதில்லை.

இதன் நடைமுறை விளைவு என்ன? வணிகவியல் பட்டம் பெற்ற என்னால், முதுகலைத் தேர்வுகளுக்கும் இன்னும் சிலவற்றுக்கும் மட்டுமே எழுத முடிந்தது. எனக்குக் கிடைக்காத பல வாய்ப்புகள் எங்கள் வீட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்குக் கிடைத்தன. பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் போட்டித் தேர்வு எழுதுபவர்கள் அவளைத்தான் தேடி வந்தார்கள். மேலே படிக்க முடியவில்லையே என்று பத்தாண்டுகளாக மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவள், அந்தப் படிப்பு அங்கே நின்றதே ஒருவருக்கு உதவும் தகுதியாயிற்று என்று அறிந்த அன்று என்னிடம் வந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் எது மிகுதியாக இருக்கிறதோ அதுவே பிறருக்கு வேண்டியதாக இருக்கும் என்று நான் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருந்தேன். அந்தக் கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை.

தேர்வர் சொல்லும் விடை தவறு என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது?

அப்படியே எழுத வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

சொல்வது எளிது, செய்வது எவ்வளவு கடினம் என்பதை என் இரண்டாவது தேர்விலேயே தெரிந்துகொண்டேன். வேலூர்ப் புரட்சி பற்றிய வினா. மாணவி கோவையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்: புதிய தலைப்பாகை, காதணிக்கும் திருநீற்றுக்கும் விதிக்கப்பட்ட தடை, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்கள் என்று ஒன்றும் விடவில்லை. ஆண்டைச் சொல்லும்போது மட்டும் 1808 என்றாள். 1806 என்பது எனக்குத் தெரியும். என் பேனா நின்றுவிட்டது. இரண்டு நொடிகள் இருக்கலாம். "எழுதிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். எழுதினேன், 1808 என்றே. தேர்வு முடியும்வரை அந்த எட்டு என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். "1806 தானேம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "நீங்க அந்த இடத்துல பேனாவை நிறுத்தினீங்க பாருங்க, அப்பவே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அதை வெச்சு மாத்தினா அந்த மார்க் என்னுது இல்லையே" என்றாள்.

பேனா தாளில் உரசும் ஓசை நிற்பதுகூட ஒரு குறிப்பு என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை என்ற நிம்மதியில் இருந்தேன். அவளோ நான் தெரியாமல் கொடுத்ததையும் வாங்காமல் வைத்துவிட்டாள். அதன் பிறகு, சரியோ தவறோ, ஒரே சீராக எழுதப் பழகிக்கொண்டேன். பெருமூச்சு விடுவது, நாற்காலியில் அசைவது, "இதைத்தான் எழுதணுமா?" என்று கேட்பது எல்லாமே இதில் அடங்கும். திருப்பி வாசிக்கச் சொன்னால் வாசிக்கலாம். அதுவும் அவர்கள் கேட்ட பகுதியை மட்டும். கை நம்முடையதாக இருக்கட்டும், தலை அவர்களுடையதாக இருக்கட்டும் என்று மூத்த தன்னார்வலர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தார். பிள்ளைகளுக்கும் கீழ்ப்பணியாளர்களுக்கும் முப்பது ஆண்டுகள் திருத்தம் சொல்லியே பழகிய எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று.

தமிழில் எழுதும்போது எழுத்துப்பிழை யாருடைய பொறுப்பு?

நல்ல கேள்வி. தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கலும்கூட. அவர் சொல்வது நம் காதில் ஒலியாக விழுகிறது. அது லகரமா ளகரமா, இரண்டு சுழியா மூன்று சுழியா, சின்ன ரகரமா பெரிய றகரமா என்பதைத் தாளில் தீர்மானிப்பது நம் கை. பிரெயிலில் படித்தவர்களுக்கு இதில் தடுமாற்றம் குறைவு. ஆறு புள்ளிகளின் சேர்க்கையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. அது அவர்கள் விரலில் பதிந்திருக்கும். ஒலிப்பதிவைக் கேட்டு மட்டுமே படித்தவர்களின் நிலை வேறு. 'அறம்' என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள், ஒருமுறையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். வரலாறு, பொருளியல் போன்ற தாள்களில் எழுத்துப்பிழையின்றி எழுதுவது என் பொறுப்பு. என் கைப்பிழைக்காக அவருடைய மதிப்பெண் குறையக் கூடாது. மொழித்தாளில், குறிப்பாக இலக்கண வினாக்களில், ஐயம் வரும் இடத்தில் எந்த எழுத்து என்று அவரையே கேட்டு, அவர் சொல்வதை எழுதுவேன். இந்த ஏற்பாட்டைத் தேர்வுக்கு முன்பே பேசிக்கொள்வது அவசியம். சில கல்லூரிகள் இதற்கென்று தனி அறிவுரை வைத்திருக்கும். தமிழிலக்கியம் படித்த மாணவர் ஒருவர் ஒற்றுகளைக்கூட விடாமல் சொல்வார். "அதைக் கண்டு, நடுவுல க் போட்டுக்கங்க. அவனைப் பார்த்து, ப் வரும்" என்று வரிக்கு வரி சொல்லிக்கொண்டே போவார். வங்கியில் ஆயிரக்கணக்கான கடிதங்களைச் சந்திப்பிழையோடு எழுதித் தள்ளியவள் நான். வல்லினம் எங்கே மிகும் என்பதை அறுபது வயதுக்கு மேல் அவரிடம்தான் ஒழுங்காகக் கற்றேன்.

கணக்குத் தாள், படம் வரைய வேண்டிய தாள்?

அந்தப் பாடத்தில் குறியீடுகளை வாசிக்கத் தெரியாதவர் ஒப்புக்கொள்ளக் கூடாது. "ஏ கூட்டல் பி வகுத்தல் சி" என்று வாசித்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. "தொகுதியில் ஏ கூட்டல் பி, பகுதியில் சி" என்று வாசிக்கத் தெரிய வேண்டும். டெய்லர் சட்டகம் (தொட்டுணர்ந்து கணக்குப் போடும் பலகை), மணிச்சட்டம், பேசும் கணிப்பான் போன்ற கருவிகளைத் தேர்வர் தம்முடன் வைத்துக்கொள்ள 2018 வழிகாட்டுதல்கள் இடமளித்தன. ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வேறு ஆளை வைத்துக்கொள்ளவும் அவற்றில் இடம் இருந்தது, ஒரு தாளுக்கு ஒருவர்தான் என்ற வரம்புக்குள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. எனவே மூன்று மணி நேரத் தாள் நான்கு மணி நேரம் நடக்கும். போகவர, அடையாளச் சரிபார்ப்பு, படிவங்களில் கையொப்பம் எல்லாம் சேர்த்தால் அரை நாளுக்கு மேல் ஆகும். நடுவில் கைப்பேசி பார்க்க முடியாது. பதினோரு மணிக்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்பவர்கள் அன்றைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் போக முடியாமல் போனால்?

போயே ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எழுதுபவரின் பெயர், அடையாள அட்டை, கல்விச் சான்று ஆகியவை பெரும்பாலும் முன்கூட்டியே பதிவாகிவிடும். வேறொருவரை அவசரமாக அனுப்பினாலும் வாயிலிலேயே நிறுத்திவிடக்கூடும்.

இதை நான் பிழை செய்து கற்றேன். இந்தப் பணிக்கு வந்த முதல் ஆண்டு, ஒரு மாணவிக்குப் பொருளியல் தாள் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். முதல்நாள் மாலை நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து, புதுமனை புகுவிழாவுக்கு நீங்கள் இல்லாமல் எப்படி என்று கட்டாயப்படுத்தி அழைத்தார்கள். ஏழு மணிக்கு அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்து, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "சரிங்கம்மா, பரவாயில்லைங்கம்மா" என்றாள். கடிந்து ஒரு சொல் இல்லை. இரவு பதினொரு மணிவரை அவள் விடுதித் தோழிகள் வாட்சப்பில் ஆள் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. அந்தத் தாளை அவள் அடுத்த பருவத்தில்தான் எழுதினாள். நன்கொடை கொடுப்பவர் ஒரு மாதம் தாமதித்தால் இன்னொருவர் ஈடுகட்டலாம். நேரத்தைத் தருவதாகச் சொல்பவர் அந்த நேரத்தில் இல்லையென்றால், அவரை நம்பி மற்ற வழிகளை மூடிவிட்டவரை அவர் நடுத்தெருவில் நிறுத்துகிறார். உதவுவதாகவே சொல்லாமல் இருந்திருந்தால் அவள் வேறொருவரை முன்பே தேடியிருப்பாள். அன்றிலிருந்து "பார்க்கலாம்" என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. முடியும், அல்லது முடியாது, இரண்டில் ஒன்றை அப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு மையத்தில் சிக்கல் எழுந்தால் எப்படி நடந்துகொள்வது?

எழும். ஒரு மையத்தில் எங்களுக்குத் தனி அறை ஒதுக்காமல், மின்னாக்கி ஓடிக்கொண்டிருந்த தாழ்வாரத்தின் கோடியில் மேசை போட்டார்கள். அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை; நான் வாசிப்பது அவருக்குக் கேட்கவில்லை. இடம் மாற்றி முடிப்பதற்குள் 25 நிமிடங்கள் போயின. அந்த நிமிடங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதைக்கூடப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது.

அத்தகைய நேரத்தில் நாம் குரலை உயர்த்தி வாதாடக் கூடாது என்பது என் கருத்து. பேச வேண்டியவர் தேர்வர். அவருக்கு வாய் இருக்கிறது, சட்டமும் தெரியும். பலருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். நாம் அனுமதிக் கடிதத்தின் படியையும் அரசாணையின் படியையும் கையோடு எடுத்துச் சென்று, கேட்கும்போது எடுத்துக் கொடுத்தால் போதும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயால் வருந்திய விகாஸ் குமார் என்பவர் குடிமைப் பணித் தேர்வில் ஆள் உதவி மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு மட்டுமே இந்த வசதி என்று சுருக்கிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022 ஆகஸ்டில், அந்த வரம்புக்குக் கீழே இருந்தாலும் எழுத இயலாதவர்களுக்கான வழிகாட்டுதல்களும் வந்தன. இது நம் தயவில் நடக்கும் காரியம் என்ற எண்ணம் எழுதுபவர் மனத்தில் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்வது நல்லது.

பணம் பெற்றுக்கொள்ளலாமா?

தேர்வு நடத்தும் அமைப்பு மதிப்பூதியம் தந்தால் பெறலாம். அதில் தவறு இல்லை. மாணவரிடம் வாங்கக் கூடாது. பேருந்துக் கட்டணம் தருகிறேன் என்று வற்புறுத்துபவர்கள் உண்டு. நான் தேநீர் மட்டும் வாங்கித் தரச் சொல்வேன். எதையுமே வாங்க மறுத்தால் அவர்களைக் கடன்பட்டவர்களாகவே வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

புகைப்படம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தேர்வு எழுத வந்தவரை நிற்க வைத்துப் படம் எடுத்து வெளியிடும் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அன்று அவர் தேர்வர். யாருடைய நற்செயலுக்கும் சான்றாக நிற்க அவர் வரவில்லை.

அழைத்துச் செல்லும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

நாம் பிடிக்கக் கூடாது. நம் முழங்கைக்குச் சற்று மேலே அவர்கள் பிடித்துக்கொள்ள, நாம் அரையடி முன்னால் நடக்க வேண்டும். நம் உடல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே படியை உணர்ந்துகொள்வார்கள். "பார்த்து, பார்த்து" என்று பதறுவதால் பயன் இல்லை. "ரெண்டு படி, கீழே" என்றால் போதும். உதவி வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வறைக்கு வர இயலாது. வீட்டிலிருந்தே ஏதேனும் செய்ய முடியுமா?

நிறையவே செய்யலாம். தேர்வு நாளுக்கு ஆள் தேடுவதைவிடப் பெரிய துன்பம், படிப்பதற்கு நூல் இல்லாதது. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006இல் தொடங்கிய முயற்சி அது, தமிழையும் வாசிக்கும். ஆனால் நம் தமிழ்நூல்களும் பாடக்குறிப்புகளும் பெரும்பாலும் படமாக நகலெடுக்கப்பட்டவையாகவோ, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாகவோ இருக்கின்றன. படத்தை அந்த மென்பொருளால் நேரடியாக வாசிக்க முடியாது. பழைய எழுத்துருவில் உள்ளதை வாசித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, படத்தை எழுத்தாக மாற்றும் ஒளிவழி எழுத்தறியும் செயலி செய்த பிழைகளை வரி வரியாகத் திருத்தித் தருபவர்கள் தேவைப்படுகிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் திருத்தினாலும் ஒரு பருவத்துக்குள் ஒரு பாடநூல் முடிந்துவிடும். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தருவதற்கு 2012ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடமளித்திருக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். சட்டம் வழிவிட்டு நிற்கிறது; உட்கார்ந்து திருத்த ஆள்தான் போதவில்லை.

குரல் நன்றாக இருப்பவர்கள் பாடங்களை வாசித்துப் பதிவு செய்யலாம். உணர்ச்சியோடு நடித்து வாசிக்க வேண்டாம். கேட்பவர்கள் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார்கள். சொற்கள் தெளிவாக இருந்தால் அவர்களுக்குப் போதும். அட்டவணை வந்தால் எத்தனை நிரல், எத்தனை நிரை என்று முதலில் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள். இதனால் வாழ்க்கைக்கு ஒரு பொருள் கிடைத்துவிடுமா?

எனக்குக் கிடைத்தது. ஆனால் நான் எதிர்பார்த்த வழியில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மனம் நெகிழ்ந்து நன்றி சொல்வார்கள் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் இரண்டு தேர்வுகளில் நின்றுவிடுகிறார்கள். தேர்வறையில் அவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள். மெதுவாக எழுதுகிறோம் என்று எரிந்து விழுவார்கள். முடிந்ததும் அடுத்த தேர்வின் கவலையோடு போய்விடுவார்கள். தேர்வெழுதும் எந்தப் பிள்ளையும் அப்படித்தான். அவர்கள் மட்டும் எப்போதும் பணிவாகவும் நன்றியோடும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. சோர்வும் உண்டு. தோள்பட்டை வலி வந்தபின் வாரத்துக்கு இரண்டு தேர்வுகளுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். நம் வெறுமையை நிரப்பிக்கொள்ள அடுத்தவரின் தேவையைப் பிடித்துக்கொண்டால், அந்தத் தேவை தீராமல் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை வளர்ந்துவிடும். நான்கு பருவங்கள் தொடர்ந்து எழுதித் தந்த அந்த வரலாற்று மாணவி, ஆய்வுப் படிப்பில் சேர்ந்ததும் மடிக்கணினி வாங்கி, திரைவாசிப்பு மென்பொருளோடு தானே தட்டச்சு செய்து தேர்வெழுத அனுமதி பெற்றாள். விடையைக் கணினியிலோ பிரெயிலிலோ எழுதும் தெரிவு விதிகளிலேயே உண்டு. "இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேம்மா" என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை என்பதை இங்கே எழுதுவதில் தயக்கம் இல்லை. முழுதாக ஒரு நாள் மனம் கனத்துக் கிடந்தது. மறுநாள்தான், நான் இல்லாமல் அவள் எழுதுவதுதானே நாங்கள் இருவரும் அத்தனை நாளும் உழைத்ததன் பலன் என்ற எண்ணம் தெளிந்தது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின் 2015இல், முற்றிலும் பார்வையற்ற முதல் அதிகாரியாக இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்த உயரத்துக்குப் போகிறவர்களுக்கு நம் கை ஏதோ ஒரு படியில் சிறிது நேரம் தேவைப்படலாம். அதற்கு அப்பால் அது அவர்களுடைய வழி.

இப்போதும் எட்டரை மணிக்குப் புடவை கட்டித் தயாராகிறேன். தேர்வுக் காலங்களில் வாரத்தில் இரண்டு நாள், போவதற்கு இடம் இருக்கிறது.

சரி, எப்படித் தொடங்குவது? முதல் நாள் என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்கு நேரில் சென்று, பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்களா, அவர்களுக்கு ஆள் தேவைப்படுகிறதா என்று கேட்பதே நேர்வழி. பார்வையற்றோர் சங்கங்களிலும் பெயர் பதிவு செய்துகொள்ளலாம். நாம் எழுத முன்வரும் தேர்வை நாமே எழுதுபவராக இருக்கக் கூடாது. வங்கித் தேர்வுகளில் ஒருவர் ஒரு தேர்வருக்கு மட்டுமே எழுதலாம் என்ற விதியும் உண்டு.

அடையாள அட்டையின் மூலமும் படியும், கல்விச் சான்றின் படி, ஒரே மையில் இரண்டு பேனாக்கள், அளவுகோல், கடிகாரம், குடிநீர். இவை போதும். கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. வேகம் கூடும்போது சிதையாமல் இருந்தால் சரி.

தேர்வுக்கு முன்பே ஒருமுறை நேரில் சந்தித்துவிட வேண்டும். தேர்வு அமைப்பே ஆளைத் தரும்போதுகூட, அவர் தமக்குப் பொருந்துவாரா என்று தேர்வர் சோதித்துப் பார்க்க இரண்டு நாள் முன்னதாகச் சந்திக்க அனுமதிக்க வேண்டும் என்று 2018 வழிகாட்டுதல்கள் கூறின. அவர் நம்மைச் சோதிப்பதற்கான சந்திப்பு அது என்பதை மறக்க வேண்டாம். என்னுடைய முதல் சந்திப்பு கல்லூரி நூலகத்தின் பின்பக்கத் திண்ணையில் நடந்தது. மாணவி ஒரு பக்க அளவுக்குச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு வரியும் முடிந்ததும், மேலே சொல்லலாம் என்று தலையை ஆட்டினேன். அவள் பேசாமல் இருந்தாள். நானும் காத்திருந்தேன். சற்று நேரம் கழித்து அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "தலையாட்டுறீங்க போல. 'ம்'னு சொல்லுங்கம்மா, அப்பதான் அடுத்த வரி சொல்லுவேன்."